மாடியில் சூரியன், படிக்கட்டடியில் பேட்டரி

தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலம், நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு பொருளை நிரந்தரமாகக் குடியேற்றிவிட்டுப் போனது. படிக்கட்டுக்கு அடியில் சக்கரம் வைத்த ட்ராலியில் ஓர் இன்வெர்ட்டர், அதன் கீழே 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. பேட்டரியின் தலையில் ஆறு மூடிகள், மூடிக்குள் மிதவை. மிதவை சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். முனையங்களில் பூக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து வாஸலைன் தடவ வேண்டும். 2012இல் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இது பழகிப்போன வேலை. மின்வெட்டு குறைந்த பிறகும் அந்தப் பெட்டி வீட்டைவிட்டு வெளியேறவில்லை.

இப்போது இரண்டாவது பெட்டி வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்த 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதையொட்டி ஊருக்கு ஊர் சோலார் கடைகள் முளைத்திருக்கின்றன. பேனலோடு லித்தியம் பேட்டரியையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லி, சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள் விற்பனையாளர்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் கணக்கு வேறு வேறு என்பது அந்த ஒற்றை விலையில் மறைந்துபோகிறது. பேனல் ஒரு முதலீடு. அதற்கு வருமானம் உண்டு. பேட்டரி இன்றைய தமிழ்நாட்டு விதிகளின்படி ஒரு காப்பீடு. அதற்குப் பிரீமியம் மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் பேனலின் லாபத்தைப் பேட்டரி தின்றுவிடுவது கண்ணுக்குத் தெரியாது.

பேனலின் வரவு

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தருகிறது. தூசி, வெப்பம், மேகம் எல்லாம் போக ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட். பலரும் எண்ணுவதுபோல அக்னி நட்சத்திரம் இதற்கு உகந்த காலமன்று. பேனலின் திறன் 25 டிகிரி செல்சியஸில் அளக்கப்படுகிறது. மே மாத நண்பகலில் தகட்டின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு திறன் குறைவதால் எட்டில் ஒரு பங்கு உற்பத்தி வெப்பத்திலேயே போய்விடும். வானம் தெளிந்து காற்றும் வீசும் பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை கவிந்திருக்கும் நவம்பர்தான் சோதனைக் காலம்.

இந்த யூனிட்டுகளின் மதிப்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மின்வாரியம் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக ஏறும் விகிதம். 2024 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட கட்டணப்படி, 400 யூனிட் வரை 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45, அடுத்த நூறுக்கு 8.55, 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70, அதற்கும் மேல் 11.80. கீழ்ப்படிகளில் அரசின் மானியம் இதை மேலும் குறைக்கிறது. சூரிய மின்சாரம் பில்லை உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவதால், முதலில் மிச்சமாவது மிக விலையுயர்ந்த யூனிட்.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் இரண்டு ஏசி; இரு மாதத்துக்கு 900 யூனிட்; பில் 5,900 ரூபாய் அளவில் வரும். மூன்று கிலோவாட் பேனல் இரு மாதங்களில் ஏறக்குறைய 700 யூனிட் தந்தால், மீதி 200 யூனிட்டுக்கான பில் 300 ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டுக்கு 33,000 ரூபாய் மிச்சம். இந்த அமைப்புக்குச் சந்தையில் சுமார் இரண்டு லட்சம் ஆகிறது. மத்திய அரசின் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 ரூபாய். கையிலிருந்து போவது 1.2 லட்சம். நான்கு ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். பேனலுக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள்.

இரண்டாவது வீடு இரு மாதத்துக்கு 600 யூனிட் செலவழிக்கிறது. பில் 2,900 ரூபாய் அளவில். இங்கே இரண்டு கிலோவாட் போதும். மானியம் போக 80,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 17,000 மிஞ்சும்; ஐந்து ஆண்டில் கணக்கு நேராகும். மூன்றாவது வீட்டுக்கு 350 யூனிட்தான். பில் ஆயிரத்தைத் தொடுவதில்லை. ஒரு கிலோவாட் பேனலுக்கு மானியம் போக 45,000 ஆகும் என்றால் திரும்ப எடுக்க எட்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வாரியம் வசூலிக்கும் நெட்வொர்க் கட்டணத்தையும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் இன்வெர்ட்டரையும் சேர்த்தால் காலம் மூன்று வீட்டுக்குமே சற்று நீளும்.

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே பேனல். பணம் திரும்பும் காலம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கே சோலார் அதிகம் லாபம் தரும்படி கட்டணப் படிகள் அமைந்திருக்கின்றன. இலவச நூறு யூனிட்டும் மலிவான கீழ்ப்படிகளும் இருக்கும்வரை, சிக்கனமான குடும்பத்துக்கு அவசரமாகப் பேனல் போடப் பொருளாதாரக் காரணம் குறைவு.

கூரையிலும் சில கணக்குகள் உண்டு. மூன்று கிலோவாட் என்றால் 540 வாட் பேனல் ஆறு. நடமாட இடம் விட்டு 300 சதுர அடியாவது வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் ஒரு பேனலின் ஓரத்தில் ஏறினால் இழப்பு அந்த ஓரத்தோடு நிற்பதில்லை. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த வரிசை முழுவதையும் டயோடு ஒதுக்கிவிடும். ஆகவே தொட்டியின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை எங்கெல்லாம் நகர்கிறது என்று ஒருநாள் மாடியில் நின்று பார்த்துவிட்டுக் கம்பி நடுவது நல்லது. கழுவுவதற்கு போர் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்புக்கறை கண்ணாடியில் படிந்து, தூசியைவிடப் பெரிய தொல்லையாகிவிடும்.

வாரியமே பேட்டரி

பகலில் வீட்டில் ஆளில்லை. பேனல் மும்முரமாக உற்பத்தி செய்கிறது. மாலையில் எல்லோரும் திரும்பி ஏசியைப் போடும்போது சூரியன் மறைந்துவிடுகிறது. பேட்டரி வேண்டும் என்று தோன்றவைப்பது இந்த இடைவெளிதான். ஆனால் நெட் மீட்டர் முறை இதை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது. பகலில் மிஞ்சும் யூனிட் வாரியத்தின் கம்பிக்குப் போகிறது. இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். மீட்டர் இரண்டையும் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில் போடுகிறது. அறுவடை நெல்லை ஊர்ப் பொதுக்கிடங்கில் ஏறக்குறைய வாடகையில்லாமல் போட்டுவைத்து, வேண்டும்போது அதே அளவு எடுத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. அந்தக் கிடங்கு இருக்கும்போது வீட்டுக்குள் சொந்தமாக ஒன்று கட்டுவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. சொல்லப்போனால் நட்டம். லித்தியம் பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது பத்து விழுக்காடு அளவுக்கு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது.

பேட்டரியில் சேமித்த ஒரு யூனிட் என்ன விலை ஆகிறது என்று பார்ப்போம். ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 1.25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஏற்றி இறக்கினால், வயதாக ஆகக் கொள்ளளவு குறைவதையும் கணக்கில் கொண்டு, சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். பத்து ஆண்டில் 14,600 யூனிட். வட்டியில்லாமல் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். எட்டு விழுக்காடு வட்டி சேர்த்தால் 12 ரூபாயைத் தாண்டிவிடும். 2024இன் கட்டணப்படி வாரியத்தின் மிக உயர்ந்த படியே 11.80தான். இதில் பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கான கூடுதல் விலையைச் சேர்க்கவில்லை. மத்திய அரசின் மானியமும் பேனலின் அளவைப் பொறுத்ததே. பேட்டரிக்கு அதில் பங்கில்லை.

மேலே சொன்ன 900 யூனிட் வீட்டில் பேட்டரிக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்குமாக இன்னொரு 1.6 லட்சம் சேர்ந்தால், நான்கு ஆண்டில் திரும்பவேண்டிய பணம் திரும்ப எட்டரை ஆண்டு ஆகும். விற்பனையாளர் காட்டும் ஒற்றை விலைத் தாளில் இது லாபகரமான திட்டமாகவே தெரியும், ஏனென்றால் பேனல் ஈட்டும் பணத்தில்தான் பேட்டரியின் கடன் அடைகிறது.

வாரிய இணைப்பே வேண்டாம் என்று துண்டித்துக்கொள்வது இன்னும் எட்டாத கனவு. அதே வீட்டுக்கு நாளொன்றுக்கு 15 யூனிட் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் 45 யூனிட் கையிருப்பு வேண்டும். அதற்கு இதே பேட்டரியைப் போல ஒன்பது வாங்க வேண்டும். பதினோரு லட்சம் ரூபாய்.

உச்சி வெயிலில் நிற்கும் மின்விசிறி

அப்படியானால் பேட்டரிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சோலார் போட்ட பலருக்கு முதல் மின்தடையில்தான் அது தெரிய வருகிறது. மாடியில் வெயில் கொளுத்துகிறது. ஆறு பேனலும் பளபளக்கின்றன. வீட்டில் மின்விசிறி நின்றுவிடுகிறது. வாரியத்தின் மின்சாரம் நின்ற நொடியில் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்ளும். பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை நோக்கி வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டாயமாக வைக்கப்பட்ட பாதுகாப்பு இது. மின்சாரம் திரும்பிய பிறகும் இன்வெர்ட்டர் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி இணையும். இந்த நேரத்தில் வீட்டைத் தனியே பிரித்து ஓட்ட ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

ஆக, பேட்டரிக்கு நாம் தரும் விலை மின்தடைக்குத் தரும் விலை. 1.6 லட்சத்தைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,300 ரூபாய் பிரீமியம். மின்தடையின்போது மட்டும் பயன்பட்டு ஆண்டுக்கு 100 யூனிட்தான் அதிலிருந்து எடுக்கிறோம் என்றால், ஒவ்வொரு யூனிட்டும் 160 ரூபாய்க்கு விழுகிறது. அந்தப் பிரீமியம் தகுமா என்பது மின்தடை எத்தனை மணி நேரம், அப்போது வீட்டில் எது நிற்கக் கூடாது என்பதைப் பொறுத்தது.

வயதான தாய்க்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடும் வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கருவி 350 வாட் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட். பழைய டியூபுலர் பேட்டரியால் இது முடியாது. லித்தியம் பேட்டரி தாராளமாகத் தாங்கும். அங்கே யூனிட் விலையைப் பற்றிப் பேசுவது அபத்தம். வீட்டிலேயே கணினி வேலை பார்ப்பவர், பவர் மெஷினில் தைத்துப் பிழைப்பவர், அடிக்கடி லைன் அறுந்துபோகும் கிராமத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் இந்தக் காப்பீடு பொருந்தலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அத்தகைய நாட்களில் பேனலும் பேட்டரியும் சேர்ந்த வீடு தெருவுக்கே செல்போன் சார்ஜ் போடும் இடமாகலாம். ஆனால் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் புயல் காற்றைத் தாங்கும்படி மாடித் தளத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால்தான் அந்த வாய்ப்பு மிஞ்சும்.

மற்ற வீடுகளில், படிக்கட்டடியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பழைய பெட்டியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி 1.8 யூனிட் கொள்ளும். ஆயுள் நீடிக்க வேண்டுமானால் அதில் பாதியை, அதாவது 0.9 யூனிட்டைத்தான் எடுக்கலாம். தலா 75 வாட் எடுக்கும் மூன்று மின்விசிறிகள், நான்கு எல்இடி விளக்குகள், ஒரு வைஃபை ரௌட்டர் சேர்ந்து 275 வாட். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். அதே மூன்று மின்விசிறியையும் 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் மொத்தம் 140 வாட். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். செலவு பத்தாயிரம் ரூபாய் அளவில். லட்ச ரூபாய் பேட்டரி வாங்குமுன் செய்து பார்க்கவேண்டிய வேலை இது. கரண்ட் பில்லும் கூடவே குறையும்.

லித்தியம் வாங்கத் தீர்மானித்தால் இடமும் முக்கியம். இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் தீப்பிடிக்காது. ஆனாலும் எந்தப் பேட்டரியின் ஆயுளையும் வெப்பம் குறைக்கும். மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் பத்து ஆண்டு எதிர்பார்த்தது முன்னதாகவே தளர்ந்துவிடும். கீழ்த்தளத்தில் காற்றோட்டமுள்ள நிழலே சரி. படிக்கட்டடியில் இருக்கும் ஈய பேட்டரிக்கு வேறொரு கடன் இருக்கிறது. பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டால், அது முறையற்ற உலைகளில் உருக்கப்பட்டு அருகிலுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமாகச் சேரக்கூடும். 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை இந்த ஆபத்தை விரிவாகப் பேசியது. 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும்போது பழையதைக் கம்பெனி முகவரிடமே கொடுப்பது நம் பங்கு.

கிடங்கு கதவைச் சாத்தினால்

மேலே போட்ட கணக்கு அனைத்தும் நெட் மீட்டர் என்ற ஒரு விதியின்மேல் நிற்கிறது. அது எக்காலத்துக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்த வீடுகளுக்கு, கம்பிக்கு அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பு ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெட்டப்பட்டது. பேட்டரியில்லாமல் சோலார் போடுவது அங்கே உடனே மங்கிப்போனது. புதிய அமைப்புகளில் பெரும்பாலானவை பேட்டரியோடு வரத் தொடங்கின. வெயில் மாறவில்லை, பேட்டரியின் வேதியியலும் மாறவில்லை; கட்டண ஆணை ஒன்று மாறியது, அவ்வளவே.

நமக்கு அருகிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 2016 முதல் வீட்டுக் கூரை சோலார் அரசு ஊக்கத்தோடு பரவியது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாளின் குறைந்த தேவையும், பகல் சோலார் மிகுதியால் மின்கட்டமைப்பு தடுமாற்றத்தைத் தாங்கும் வலிமை குறைந்திருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சொந்தப் பணத்தில் போட்ட பேனலை நல்ல வெயிலில் அணைத்து வைக்கும் நிலை. அதன் பிறகு, பேட்டரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுப்பவருக்குப் பகல் விலையைவிட உயர்ந்த விலை தரும் யோசனை அங்கே முன்னுக்கு வந்தது. கேரளத்தில் 2025இல் வெளிவந்த வரைவு விதிகளும் பெரிய வீட்டு அமைப்புகளுக்கு நெட் மீட்டரைச் சுருக்கி பேட்டரியை நோக்கித் தள்ள முனைந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தன.

தமிழ்நாட்டிலும் அந்தத் திசைக்கான தடயம் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகு சூரிய நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இது வீடுகளுக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தால், பகலில் கொடுக்கும் ஒரு யூனிட்டும் இரவில் எடுக்கும் ஒரு யூனிட்டும் சமமாக இராது. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் ஏழெட்டு ரூபாயை நெருங்கும் நாளில் பேட்டரி காப்பீட்டிலிருந்து முதலீடாக மாறத் தொடங்கும். பேட்டரியின் விலையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை, 2024இல் 115 டாலர் என்கிறது புளூம்பெர்க்என்இஎஃப் கணிப்பு. இறங்கும் விலையுள்ள பொருளை, தேவை வருமுன் வாங்கிவைப்பது புத்திசாலித்தனமாகாது.

ஊரின் பேட்டரி

2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழிய, அந்தி சாய்ந்ததும் பற்றாக்குறை வருவது இனி அன்றாட நிலைமை. ஆகவே சேமிப்பு தேவைதான். அதை யார், எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. ஆஸ்திரேலியா 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை மானியமாகத் தருகிறது. அங்கே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது. பகல் உபரியை வீட்டிலேயே பிடித்துவைக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. 2022இல் மத்திய அரசு நிறுவனம் நடத்திய பெரிய ஏலத்தில் ஒரு மெகாவாட் பேட்டரிச் சேமிப்புக்கு மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய் என்று விலை அமைந்தது. 2024 இறுதிக்குள், திட்டம் கட்டுபடியாக அரசு தரும் இடைவெளி நிதியோடு, அது 3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. துணைமின் நிலையத்தில் வைக்கும் பெரிய பேட்டரி, வீட்டுப் படிக்கட்டடியில் வைக்கும் சிறியதைவிடக் கொள்ளளவுக்கு மலிவு. அதன் பயன் வாடகை வீட்டுக்காரருக்கும், மாடி சொந்தமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கும், இரு மாதத்துக்கு 150 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்கும் சேரும். வீட்டு பேட்டரியின் பயனோ அதை வாங்க வசதியுள்ள மாடியோடு நின்றுவிடும்.

எனவே ஒரு குடும்பம் முடிவெடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம். கடந்த ஆறு பில்லையும் எடுத்து வைத்து, இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் பேனல் போடலாம். ஆண்டுத் தேவையைவிடப் பெரிதாகப் போடத் தேவையில்லை. அடுத்து, ஓர் ஆண்டில் மின்தடை எத்தனை மணி நேரம், அப்போது எது நின்றால் வீடு தாங்காது என்று எழுதிப் பார்க்க வேண்டும். விடை விசிறியும் விளக்கும் என்றால் பழைய இன்வெர்ட்டரும் பிஎல்டிசி விசிறியும் போதும். விடை உயிர்காக்கும் கருவியாகவோ பிழைப்பாகவோ இருந்தால் லித்தியம் வாங்கலாம். அதற்கு லாபக் கணக்கு கேட்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், பின்னால் பேட்டரி சேர்க்க வழியுள்ள இன்வெர்ட்டரின் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு, கட்டண ஆணை மாறும்வரை காத்திருக்கலாம். விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி எளியது: பேனலுக்குத் தனியாக, பேட்டரிக்குத் தனியாக இரண்டு விலைத் தாள் தர முடியுமா? தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே முதல் மிச்சம்.